ராம வர்மாக்களும் ஹைன்ரிக்குகளும்: ஒரு ஜெர்மன் சிற்றரசின் வரலாற்றைக் கற்கும் முறை

பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருவிதாங்கூர் மன்னர்களின் பட்டியலை முதன்முறையாகப் படிப்பவர், கார்த்திகைத் திருநாள், சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள் ஆகிய அனைவருக்கும் ராம வர்மா என்பதே பெயர் என்று அறிந்ததும் சற்றுத் திகைத்துப் போவார். பிறந்த நட்சத்திரம் ஒன்றுதான் அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுகிறது என்பது விளங்கிய பிறகு அந்தப் பட்டியல் எளிதாகிவிடும். ஜெர்மனியின் கிழக்கே, இன்றைய துரிங்கியா மாநிலத்தில், ராய்ஸ் என்ற அரசகுலம் இருந்தது. அக்குலத்தில் அரசாண்டவர்கள் மட்டுமல்லாமல், பிறந்த ஆண்குழந்தை ஒவ்வொன்றும் ஹைன்ரிக் என்றே பெயரிடப்பட்டது. அங்கே நட்சத்திரத்தின் வேலையை எண் செய்தது.

சிறிய ஜெர்மன் அரசு ஒன்றின் வரலாற்றைக் கற்று ஒரு கட்டுரையோ உரையோ தயாரிக்க விரும்பும் குமரி மாவட்டத்து மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் நான் ராய்ஸ் அரசையே பரிந்துரைப்பேன். அது மிகக் கடினமானதாகத் தோன்றும். ஆனால் அதன் பூட்டுகளுக்குரிய சாவிகள் பல நம் வீட்டிலேயே கிடக்கின்றன. கீழே சொல்லப்படும் வரிசையில் சென்றால் குழப்பம் குறையும். போர்களிலிருந்து தொடங்க வேண்டாம். குலமரபுப் பட்டியலிலிருந்தும் வாரிசுரிமை விதியிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது. சிற்றரசுகளின் வரலாற்றில் எல்லைகளை மாற்றியவை பெரும்பாலும் பிறப்பும் இறப்பும் பாகப்பிரிவினையுமே.

முதலில் நிலத்தின் அளவை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 1918 வரை ராய்ஸ் என்ற பெயரில் இரண்டு அரசுகள் அருகருகே இருந்தன. கிரைட்ஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட மூத்த மரபின் அரசு சுமார் 317 சதுர கிலோமீட்டர். கேரா நகரைத் தலைநகராகக் கொண்ட இளைய மரபின் அரசு சுமார் 827 சதுர கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினாலும், ஏறத்தாழ 1,670 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நம் மாவட்டத்தின் அளவு வராது. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூத்த மரபின் அரசில் 72,769 பேரும் இளைய மரபின் அரசில் 1,52,752 பேரும் வாழ்ந்தனர். 2011-இல் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், அரசர், அமைச்சர், நாணயம், பேரரசின் மாநிலங்கள் அவையில் ஆளுக்கொரு வாக்கு ஆகிய அனைத்தையும் வைத்திருந்த அந்த நாடுகள் எவ்வளவு சிறியவை என்பது புலப்படும். ஒரு வரைபடத்தை எதிரே வைத்துக்கொண்டு வெள்ளை எல்ஸ்டர் ஆற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரைட்ஸும் கேராவும் அந்த ஒரே ஆற்றின் கரையில் இருக்கின்றன. கேராவைச் சுற்றியுள்ள வடபகுதிக்கும், ஷ்லைட்ஸ், லோபன்ஸ்டைன், ஏபர்ஸ்டோர்ஃப் ஆகிய ஊர்கள் அடங்கிய தென்பகுதிக்கும் இடையே பிறருடைய நிலம் கிடந்தது என்பதையும் அந்த வரைபடத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்துப் பட்டங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். இக்குலத்தின் முன்னோர் அரசர்களாகத் தொடங்கியவர்கள் அல்லர். புனித ரோமானியப் பேரரசரின் சார்பில் வைடா, கேரா, பிளவன் ஆகிய இடங்களை நிர்வகித்த ஃபோக்ட் என்னும் அதிகாரிகளாகவே அவர்கள் இருந்தனர். அப்பகுதி இன்றும் ஃபோக்ட்லாண்ட் என்றே அழைக்கப்படுகிறது. ஃபோக்ட் என்ற சொல்லைப் பாதுகாவலர் என்றோ ஆளுநர் என்றோ மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. நமக்கோ பழைய திருவிதாங்கூரின் காரியக்காரர் என்ற சொல் கைவசம் இருக்கிறது. மேலே உள்ளவருக்காக வரி வசூலித்து, நியாயம் தீர்த்து, நாளடைவில் அந்தப் பதவியைத் தம் குடும்பச் சொத்தாக்கிக்கொண்ட காரியக்காரர் என்று எண்ணிக்கொண்டால் ஃபோக்ட் பதவியின் தன்மை ஓரளவு சரியாகவே பிடிபடும். 1673-இல் இக்குலத்தினர் பேரரசின் பிரபுக்களாக, அதாவது கிராஃப் என்ற நிலைக்கு உயர்ந்தனர். மூத்த மரபினர் 1778-இல் ஃபூர்ஸ்ட், அதாவது ஆளும் இளவரசர் என்ற பட்டத்தைப் பெற்றனர். இளைய மரபின் கிளைகளில் லோபன்ஸ்டைன் 1790-லும், ஷ்லைட்ஸும் ஏபர்ஸ்டோர்ஃபும் 1806-லும் அந்தப் பட்டத்தை அடைந்தன. 1750-இல் வாழ்ந்த ஒருவரை இளவரசர் என்று எழுதினால் அது பிழை என்பதை இந்த ஆண்டுகள் காட்டிக்கொடுக்கும்.

ராய்ஸ் என்ற பெயருக்கு உரிய காரணமாகச் சொல்லப்படுவது ஒரு திருமணம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளவன் கிளையைச் சேர்ந்த ஒருவர், கிழக்கே ருத்தேனிய, அதாவது பழைய ரஷ்ய, இளவரசர் குலத்தோடு உறவுடைய பெண்ணை மணந்ததால் ரஷ்யர் என்ற பொருளில் ராய்ஸ் எனப் புனைபெயர் பெற்றார் என்பர். கேராவில் 1608-இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற பள்ளியின் ருத்தேனியம் என்ற பெயரிலும் அதே சொல் லத்தீன் வடிவில் நிற்கிறது. ஹைன்ரிக் என்ற பெயரை எல்லோருக்கும் இட்ட வழக்கம், இக்குலத்திற்கு ஆதரவு காட்டிய பேரரசர் ஆறாம் ஹைன்ரிக்கின் நினைவாகத் தோன்றியது என்பது குலத்தின் மரபுக் கதை. மரபுக் கதையை மரபுக் கதை என்றே எழுத வேண்டும். வேணாட்டு அரசர்களைச் சேரமான் பெருமாளோடு இணைக்கும் கதைகளை நாம் எப்படிக் கையாள்கிறோமோ அப்படியே.

இப்போது எண்களுக்கு வருவோம். இங்கேதான் பலர் இடறி விழுகிறார்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி என்றால் அரியணை ஏறிய ஹென்றிகளில் எட்டாமவர் என்று பொருள். ராய்ஸ் குலத்தில் எண் என்பது ஆட்சி வரிசை அன்று, பிறப்பு வரிசை. குழந்தையிலேயே இறந்த பையனுக்கும் எண் உண்டு. ஒரு நாளும் ஆளாத தம்பிமாருக்கும் எண் உண்டு. மூத்த மரபினர் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டனர். ஆனால் அந்த மரபு 24-ஆம் எண்ணோடு முடிந்துவிட்டதால் நூறைத் தொடும் வாய்ப்பே நேரவில்லை. இளைய மரபினரோ, தம் கிளைகள் அனைத்திலும் பிறந்த ஆண்களை ஒரே வரிசையில் எண்ணி, ஒரு நூற்றாண்டு முடிந்து அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் முதலாம் ஹைன்ரிக் என்று புதிதாகத் தொடங்கினர்.

இந்த விதி தெரியாமல் கேராவில் ஆண்ட அரசர்களின் பட்டியலைப் பார்த்தால் அச்சுப்பிழை என்றே தோன்றும். 62-ஆம் ஹைன்ரிக்குக்குப் பின் 1854-இல் 67-ஆம் ஹைன்ரிக், அவருக்குப் பின் 1867-இல் 14-ஆம் ஹைன்ரிக், அவருக்குப் பின் 1913-இல் 27-ஆம் ஹைன்ரிக். 62-ஆமவரும் 67-ஆமவரும் உடன்பிறந்தோர். 1785-லும் 1789-லும் பிறந்தவர்கள் ஆதலால் 18-ஆம் நூற்றாண்டின் வரிசையில் எண் பெற்றனர். 14-ஆமவர் 67-ஆமவரின் மகன். 1832-இல் பிறந்ததால் புதிய வரிசையில் எண் பெற்றார். ஆகவே எண்ணைப் பார்த்தவுடன் பிறந்த ஆண்டைத் தேடுங்கள். பிறந்த ஆண்டு இல்லாத ஹைன்ரிக்கை உங்கள் குறிப்பேட்டில் அனுமதிக்கவே கூடாது.

எண்ணும் மரபும் சேர்ந்தால்கூடப் போதாது என்பதற்கு 24-ஆம் ஹைன்ரிக் என்ற பெயரே சான்று. ஏபர்ஸ்டோர்ஃபின் 24-ஆம் ஹைன்ரிக் 1724 முதல் 1779 வரை வாழ்ந்தவர். அவருடைய மகள் அகஸ்டா, சாக்ஸ்-கோபர்க் குடும்பத்தில் மணமாகி, பெல்ஜியத்தின் முதல் மன்னர் லியோபோல்டுக்குத் தாயானார். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டுக்கும் பாட்டியும் அவரே. கோஸ்ட்ரிட்ஸ் கிளையின் 24-ஆம் ஹைன்ரிக் 1855 முதல் 1910 வரை வாழ்ந்த இசையமைப்பாளர். சிம்பொனிகளும் அறையிசைப் படைப்புகளும் எழுதியவர். கிரைட்ஸின் 24-ஆம் ஹைன்ரிக் 1878 முதல் 1927 வரை வாழ்ந்தவர். மூத்த மரபின் கடைசி அரசர். உடல், மன நலக் குறைவால் ஒருநாளும் நேரடியாக ஆளாதவர். முன்னவர் இருவரும் இளைய மரபினர். ஒரே மரபு, ஒரே எண், ஆனால் வெவ்வேறு நூற்றாண்டுகள். நான் முதன்முறை குறிப்பெடுத்தபோது இசையமைப்பாளரைக் கிரைட்ஸ் அரியணையில் உட்கார வைத்துவிட்டு, ஆள இயலாதவர் எவ்வாறு சிம்பொனி எழுதினார் என்று இரண்டு நாள் வியந்துகொண்டிருந்தேன். அன்று முதல் எண், கிளை, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்ற நான்கையும் ஒரே மூச்சில் எழுதும் பழக்கம் வந்தது.

பட்டியலை வரையும்போது பெரிய வரைதாளைக் கிடையாக வைத்து, மூத்த மரபுக்கு இடப்புறமும் இளைய மரபுக்கு வலப்புறமும் இடம் விடுங்கள். ஆண்டவர்களின் பெயரை மட்டும் மையால் எழுதி, ஏனையோரைப் பென்சிலால் எழுதினால் போதும். ஒரு கிளை அற்றுப்போகும் இடத்தில் குறுக்குக் கோடு இட்டு, அதன் நிலம் யாருக்குச் சென்றது என்பதற்கு அம்புக்குறி போட வேண்டும். இந்த அம்புக்குறிகள்தாம் உண்மையான வரலாறு.

கிளைகள் ஏன் இத்தனை என்ற கேள்வி இங்கே எழும். தாய்வழி வாரிசுரிமையான மருமக்கத்தாயத்தில் வளர்ந்த நம் பகுதியின் பழைய சொற்கள் இதற்குப் பெரிதும் உதவும். வேணாட்டு அரசகுலம் திருப்பாப்பூர், தேசிங்கநாடு, இளையிடத்துச் சுவரூபம் என்று பிரிந்ததும், ஒரு தறவாடு, அதாவது கூட்டுக் குடும்பம், பல தாவழிகளாக, அதாவது கிளைகளாக, பிரிவதும் நாம் அறிந்தவை. ராய்ஸ் குலமும் தாவழிகளாகவே பிரிந்தது. வேறுபாடு என்னவென்றால் அங்கே உரிமை தந்தைவழியில் மட்டும் சென்றது. நம் வழக்கில் மூத்தவருக்குப் பின் அவருடைய தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோ உரிமை சென்றது. பெண் வாரிசு இல்லாமற்போனபோது தத்தெடுத்துத் தாய்வழியைக் காப்பாற்றினர். அங்கே ஆண் வாரிசு இல்லாமற்போனால் கிளையே முடிந்தது; மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் நிலம் அடுத்த கிளையின் ஆணுக்குப் போனது.

1564-இல் மூன்று சகோதரர்கள் நிலத்தைப் பங்கிட்டதால் மூத்த, நடு, இளைய மரபுகள் தோன்றின. நடு மரபு 1616-இல் அற்றுப்போனது. மூத்த மரபு மேல் கிரைட்ஸ், கீழ் கிரைட்ஸ் என்று மீண்டும் பிரிந்து, 1768-இல் கீழ் கிரைட்ஸ் அற்றுப்போன பின்பே ஒன்றாயிற்று. ஒரே ஊரில் மலைமேல் ஒரு கோட்டையும் அடிவாரத்தில் ஓர் அரண்மனையும் இருப்பது இந்தப் பாகப்பிரிவினையின் தடயம். இளைய மரபு 1647-இல் கேரா, ஷ்லைட்ஸ், லோபன்ஸ்டைன் முதலிய பங்குகளாகவும், பின்னர் லோபன்ஸ்டைனிலிருந்து ஏபர்ஸ்டோர்ஃப் தனியாகவும் பிரிந்தது. மூத்த மகனுக்கே முழு நிலமும் உரியது என்ற விதி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றதும் பிரிவினைகள் நின்றன. கிளைகள் ஒவ்வொன்றாக அற்றுப்போகப் போக நிலங்கள் ஒன்று சேரத் தொடங்கின. கேரா கிளை 1802-இல் முடிந்தது. லோபன்ஸ்டைன் 1824-இல் ஏபர்ஸ்டோர்ஃபோடு சேர்ந்தது. 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஏபர்ஸ்டோர்ஃபின் 72-ஆம் ஹைன்ரிக் பதவி துறக்க, இளைய மரபின் நிலம் முழுவதும் ஒரே அரசாயிற்று. கொள்கையைக் குதிரையாக்கி அதன்மேல் சவாரி செய்பவர் என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் ஓர் ஏளனச் சொல் உண்டு. பிடிவாதக்காரர்களைக் குறிக்கும் அச்சொல் இந்த 72-ஆமவர் வெளியிட்ட ஓர் ஆணையிலிருந்து பிறந்ததாகச் சொல்வது வழக்கம்.

தேதிகளை எழுதும் முன் எந்த நாட்காட்டி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்ட வேண்டும் என்பதும், ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும் வரையுள்ள நாட்களுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும் என்பதும் நமக்குப் பழக்கம். ராய்ஸ் நிலம் புராட்டஸ்டண்டு நிலம். ஜெர்மனியின் புராட்டஸ்டண்டு பகுதிகள் 1700 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றின. அந்த ஆண்டு பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1 ஆயிற்று. ஆகையால் 17-ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சி ஒன்றுக்குப் பத்து நாள் இடைவெளியுள்ள இரண்டு தேதிகள் கிடைத்தால் இரண்டும் சரியாக இருக்கக்கூடும்.

இத்தனை சிறிய நாடு எப்படிப் பிழைத்தது என்பதை விளக்காத கட்டுரை முழுமை பெறாது. மார்த்தாண்ட வர்மா 1729-க்குப் பின் கொல்லம், காயங்குளம், இளையிடத்துச் சுவரூபம் ஆகிய சிற்றரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினார். அவற்றைக் காக்க மேலே ஒரு சட்டக் கூரை இல்லை. ஜெர்மானியச் சிற்றரசுகளுக்கோ புனித ரோமானியப் பேரரசு என்ற கூரை இருந்தது; பேரரசின் நீதிமன்றங்களில் வழக்காட முடிந்தது. அந்தக் கூரை 1806-இல் சரிந்தபோது ராய்ஸ் அரசுகள் 1807-இல் நெப்போலியனின் ரைன் கூட்டமைப்பில் சேர்ந்துகொண்டன. 1815-இல் ஜெர்மன் கூட்டமைப்பிலும், 1871-இல் ஜெர்மன் பேரரசிலும் இடம்பெற்றன. இதில் மிகவும் ஆபத்தான ஆண்டு 1866. ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, ஆளும் வயதை இன்னும் எட்டாத 22-ஆம் ஹைன்ரிக்குக்காகக் கிரைட்ஸை ஆண்ட அவருடைய தாய் கரோலின் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றார். பிரஷ்யப் படை கிரைட்ஸில் புகுந்தது. ஒரு லட்சம் தாலர் செலுத்திய பின்பே நாடு தப்பியது. கௌரி லட்சுமி பாய், கௌரி பார்வதி பாய் ஆகியோர் ரீஜென்ட்டாக ஆண்ட காலத்தைப் படித்தவர்களுக்குக் கரோலினின் நிலையை விளக்க வேண்டியதில்லை. 22-ஆம் ஹைன்ரிக் 1902-இல் இறக்கும் வரை பிரஷ்யாவின் மீதான மனக்கசப்பை விடவில்லை. அவருடைய மகள் ஹெர்மினேயோ, முடியிழந்து நெதர்லாந்தில் தங்கியிருந்த பிரஷ்ய மன்னரும் பேரரசருமான இரண்டாம் வில்ஹெல்மை 1922-இல் மணந்தார்.

மகள்களையும் மனைவியரையும் தனித் தாளில் எழுதுங்கள். அவர்கள் பெயர்கள் ஒன்றுபோல் இல்லாததால் குழப்பமும் இல்லை. குலத்தின் வெளியுறவு முழுவதும் அவர்கள் வழியாகவே நடந்தது. அகஸ்டாவையும் ஹெர்மினேயையும் மேலே பார்த்தோம். ஏபர்ஸ்டோர்ஃபின் எர்ட்முத்தே டொரத்தியா 1722-இல் சின்சென்டார்ஃப் பிரபுவை மணந்து, மொரேவிய சகோதரர் சபை வளர்ந்த ஹெர்ன்ஹூட் குடியிருப்பின் பொருளாதாரத்தைத் தாங்கியவர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மயிலாடிக்கு 1806-இல் வந்த ரிங்கல்தௌபே ஜெர்மானியர் என்பதால் அவரை எப்படியாவது ராய்ஸ் கதையில் கொண்டுவந்து சேர்க்கும் ஆசை நம் மாவட்டத்தில் எவருக்கும் எழும். அவர் பிரஷ்யாவின் ஆட்சியிலிருந்த சைலேசியாவில் 1770-இல் பிறந்தவர், ஹாலேயில் படித்தவர், இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் பணியாற்றியவர். அவர் வேறு ஜெர்மனியைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் ஜெர்மனி என்று ஒரு நாடு இல்லை என்பதைப் புரியவைக்க அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமே தவிர, இல்லாத உறவைக் கற்பிக்கக் கூடாது.

ஆதாரங்களைத் தேடும்போது கோத்தா நகரிலிருந்து 1763 முதல் 1944 வரை வெளிவந்த அரசகுலப் பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குவது எளிது. ஆளும் குடும்பங்கள் முதற்பகுதியில் வரும். கிளை வாரியாகப் பிறந்த நாளும் மணமும் பதிவாகியிருக்கும். ஆனால் அது குடும்பங்கள் தாமே தந்த செய்திகளைக் கொண்டது. பதவி துறந்ததன் காரணத்தையோ குடிமக்களின் வறுமையையோ அதில் தேடினால் கிடைக்காது. அவற்றுக்குக் கிரைட்ஸில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளைத் துழாவ வேண்டும். பழைய அச்செழுத்தில் நீண்ட எஸ் எழுத்தும் எஃப் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். கையெழுத்து ஆவணங்களில் எ ஒலிக்குரிய எழுத்தும் என் எழுத்தும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் சுருணை ஓலைகளைப் பார்த்துப் பழகியவருக்கு இது பெரிய தடை அன்று. மற்றவர்கள் ஒரு வாரம் எழுத்துகளை மட்டும் எழுதிப் பழகினால் போதும். இணைய மொழிபெயர்ப்புக் கருவிகள் ரோமன் எண்களைச் சில வேளை விழுங்கிவிடும் என்பதால், எண்ணை மட்டும் மூலத்தில் நேராகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லிலும் உலோகத்திலும் எழுதப்பட்டவற்றையும் ஆவணமாகக் கொள்ளலாம். தந்தை இறந்த பின் 1572-இல் பிறந்ததால் போஸ்தும் என்று அழைக்கப்பட்ட கேராவின் ஹைன்ரிக், தம் சவப்பெட்டியைத் தாமே உயிரோடிருக்கும்போது செய்வித்து, அதன்மேல் விவிலிய வசனங்களைப் பொறிக்கச் செய்தார். கோஸ்ட்ரிட்ஸில் பிறந்த இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸ் அந்த வசனங்களுக்கே இசையமைத்து, 1636-இல் நடந்த அவருடைய அடக்கச் சடங்கில் பாடச் செய்தார். முப்பதாண்டுப் போரின் நடுவே ஒரு சிற்றரசர் தம் மரணத்தை எப்படி ஒழுங்குபடுத்தினார் என்பதை அறிய இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முடிவுப் பகுதியை எழுதும்போது மூன்று ஆண்டுகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். 1918 நவம்பரில் 27-ஆம் ஹைன்ரிக் தமக்காகவும், தாம் ரீஜென்ட்டாக இருந்த கிரைட்ஸுக்காகவும் பதவி துறந்தார். 1919-இல் இரு நாடுகளும் ராய்ஸ் மக்கள் அரசு என்று ஒன்றாயின. 1920 மே 1 அன்று அது புதிய துரிங்கியா மாநிலத்தில் கரைந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் 1956 நவம்பர் 1 அன்று இணைந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அரசு முடிவதும் நிலம் வேறொன்றோடு சேர்வதும் தனித்தனி நிகழ்ச்சிகள் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் ஜெர்மனியைப் பற்றி எழுதும்போது பலர் இரண்டையும் 1918-லேயே முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் பட்டியலின் வலது ஓரத்தில், கடைசிக் கட்டத்தில், 27-ஆமவரின் மகன் 45-ஆம் ஹைன்ரிக் வருவார். 1895-இல் பிறந்தவர்; நாடகக் கலையில் ஈடுபாடு கொண்டவர்; ஆளாத வாரிசு. 1945 ஏப்ரலில் கேராவின் ஓஸ்டர்ஸ்டைன் அரண்மனை குண்டுவீச்சில் எரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத் படையினர் அவரைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். அதன்பின் அவர் திரும்பவில்லை. நெடுங்காலம் கழித்து நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது. இறந்த ஆண்டு என்ற கட்டத்தில் 1945 என்று எண்ணை மட்டும் இட்டுவிட வேண்டாம். "1945 ஆகஸ்டில் கொண்டுசெல்லப்பட்டார்" என்று எழுதிவிடுங்கள். கட்டம் போதாவிட்டால் கோட்டைச் சற்று வெளியே இழுத்துக்கொள்ளலாம்.